மதியத்தில் மட்டும் வராத நெட்

மணிமொழியைப் பார்த்து யாராவது "பத்திரமா இரும்மா" என்று சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்த வார்த்தைக்கு அவள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: இருந்த இடத்திலேயே இரு. பத்தொன்பது வயதிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவள் அவள்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை மெல்ல எழும்பத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது ஆலத்திமேடு. ஒரு பக்கம் ஊர்த்தெரு. நடுவில் ஓடையும் கரும்புக் கொல்லைகளும். ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. காலனியில் அநேகமாக எல்லோரும் கூலிக்குப் போகிறவர்கள். மணிமொழியின் அப்பாவும் அம்மா சின்னப்பொண்ணும் ஆலைக் கரும்பு வெட்டப் போனார்கள். மகள் கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படித்தாள். லீவு நாளில் அவளும் கட்டு தூக்கப் போவாள். அப்படிப் போன ஒரு நாள், கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்வண்டி வாய்க்கால் மேட்டில் சரிந்தது. கட்டுகளின் மேல் உட்கார்ந்து வந்தவள் கட்டுகளுக்கு அடியில் போனாள். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து வீடு திரும்பியபோது இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவளுக்குக் கேட்கும்படியே அழுதார்கள். "ஒத்தப் பொண்ணு, இப்பிடி ஆயிடிச்சே" என்றார்கள். ஒரு அத்தை, "இனிமே கடவுளே கதின்னு கெடக்க வேண்டிதான்" என்று சொன்னாள். மணிமொழி படுத்தவாக்கிலேயே, "கெடக்கறதுக்கு நீ வேணா வந்து கெட, அத்த. நான் பரிச்ச எழுதணும்" என்று சொல்லிவிட்டாள். அத்தை அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவள்தான்.

பரீட்சையை அஞ்சல் வழியில் எழுதி முடித்தாள். அரசாங்கம் கொடுத்த, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் காலனி முழுக்கச் சுற்றினாள். இடையில் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அம்மாவின் கூலி ஒன்றுதான் வருமானம். பழைய லேப்டாப் ஒன்றில் தமிழில் வேகமாகத் தட்டப் பழகி, கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் விண்ணப்பித்தாள். கடைசியில் சென்னையில் பஸ் டிக்கெட் பதிவு செய்கிற ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. பஸ் வரவில்லை, ஏ.சி. ஓடவில்லை, ஜன்னல் சீட்டு கேட்டேன் நடு சீட்டு தந்துவிட்டார்கள் என்று பயணிகள் செல்போனில் எழுதி அனுப்புவார்கள். அதற்கு வீட்டிலிருந்தபடியே பதில் எழுத வேண்டும். வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. நெட் மட்டும் நிற்காமல் இருக்க வேண்டும்.

ஆலத்திமேடு முழுக்கவே செல்போன் சிக்னல் ஒரு கோடு காட்டும், மறையும். அதை நம்பிக் கம்பெனி சாப்ட்வேர் திறக்காது. நல்ல வேளையாக, சுற்று வட்டாரத்தில் கேபிள் டி.வி. நடத்திக்கொண்டிருந்த சுபாஷ் என்பவர் அந்தச் சமயத்தில் வீடுகளுக்கு நெட் கொடுக்கத் தொடங்கியிருந்தார். தரையில் ஒயர் இழுக்கிற வேலை இல்லை. கள்ளக்குறிச்சியில் உயரத்தில் வைத்த ஆண்டெனாவிலிருந்து காற்று வழியாகவே வரும். ஆலத்திமேட்டு ஊர்த்தெருவில் பழனி என்ற பெரிய விவசாயியின் வீட்டு மாடியில் ஒரு தட்டு அதை வாங்கிக்கொள்ளும். பக்கத்திலேயே இருக்கிற இன்னொரு பெட்டி அங்கிருந்து காலனிக்கு அனுப்பும். காலனியில் நெட் வாங்கிய வீடுகளின் மேல் இரும்புக் குழாயில் ஒரு சின்ன வெள்ளை டப்பா. டப்பாவிலிருந்து ஒயர் இறங்கி வீட்டுக்குள் ரூட்டருக்கு வரும். இடம் கொடுத்ததற்காகப் பழனி வீட்டுக்கு நெட் இலவசம்.

வேலை நன்றாகத்தான் போனது. சம்பளம் வந்த முதல் மாதம் சின்னப்பொண்ணு தெருவில் எல்லோரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அந்தத் தொல்லை வந்தது.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெட் போய்விடும். சரியாக நாலு பேருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். வெயில் தாழ்ந்த பிறகு தானாக வந்துவிடும். காலையிலும் மாலையிலும் ஒரு குறையும் இல்லை.

முதல் நாளே சுபாஷுக்குப் போன் போட்டாள்.

"ரூட்டர ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா."

"பண்ணிட்டேன்ணா."

"பத்து நிமிசம் உட்டுட்டு மறுபடியும் பண்ணு."

பண்ணினாள். வரவில்லை. மறுநாள் கேட்டதற்கு, ரூட்டரை இரும்பு பீரோ பக்கத்தில் வைத்திருக்கிறாயா என்றார் அவர். பீரோவை ஒட்டித்தான் இருந்தது. சின்னப்பொண்ணு ஸ்டூல் மேல் ஏறி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து அதை உயரத்தில் மாட்டினாள். அறை முழுக்கச் சிக்னல் நிறைவாக வந்தது. மதியம் வழக்கம்போல் நின்றது. அதற்கு அடுத்த நாள், "அடாப்டர் சூடாவுதா பாரு" என்றார். பக்கத்து வீட்டு அடாப்டரைக் கடன் வாங்கி மாற்றிப் பார்த்தாள். பிறகு, "எலி ஒயரக் கடிச்சிருக்கும்" என்றார். உண்மையிலேயே ஓட்டுக்கு அடியில் எலி ஒயரைக் கடித்துத்தான் வைத்திருந்தது. மணிமொழிக்கு ஒரே சந்தோஷம். ஆள் வந்து முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டுவிட்டுப் போனார். காலையில் நெட் முன்னைவிட வேகமாக ஓடியது. இனிமேல் தொல்லை இல்லை என்று கம்பெனிக்கும் சொல்லிவிட்டாள். மதியம் பார்த்தால் மறுபடியும் வட்டம்.

கம்பெனியில் அவளுக்கு மேல் இருந்தவள் சுபஸ்ரீ. கெட்டவள் இல்லை, ஆனால் அவளுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "மணிமொழி, டெய்லி லஞ்சுக்கு அப்புறம் நீங்க காணாமப் போறீங்க. தூங்கப் போறீங்களான்னு மேனேஜர் கேக்கறாரு. நான் என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

மணிமொழிக்கு அது தைத்தது. தூக்கமா? மதியத்தில் தூங்கினால் முதுகில் புண் வந்துவிடும் என்று பயந்து, வருஷக்கணக்காகப் பகலில் சாயாமல் உட்கார்ந்தே பழகியவள் அவள்.

அன்றிலிருந்து அவள் சுபாஷை நம்புவதை நிறுத்தினாள். தானே பார்ப்பது என்று இறங்கினாள். இதிலெல்லாம் அவளுக்கு முன்னே பின்னே எதுவும் தெரியாது. காலையில் நெட் இருக்கும்போது வீடியோக்களைப் பார்த்து வைத்துக்கொள்வாள், மதியத்தில் செய்து பார்ப்பாள். இரண்டு தடவை அமைப்பை மாற்றப் போய் ரூட்டரின் பாஸ்வேர்டையே தொலைத்தாள். ஒரு தடவை மொத்தமாக அழித்துவிட்டு, சுபாஷின் ஆள் வந்து சரிசெய்யும் வரை ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சின்னப்பொண்ணு, "நோண்டாதடி, இருக்கறதும் பூடப் போவுது" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நோண்டியதில் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. மதியம் நெட் நின்ற நேரத்தில்கூட வை-ஃபை கோடுகள் நிறைய இருந்தன. லேப்டாப்பில் ரூட்டரின் அமைப்புப் பக்கம் திறந்தது. கூரை மேலிருந்த வெள்ளை டப்பாவின் பக்கமும் திறந்தது. அதற்கு அப்பால்தான் எதுவும் இல்லை. டப்பா தேடிக்கொண்டே இருந்தது, எதிரில் பேச ஆள் இல்லாததுபோல.

பக்கத்து வீட்டு ஜெயசுதாவைக் கூப்பிட்டாள். மணிமொழியைவிட மூத்தவள், வாய்த்துடுக்கானவள், பழனி கொல்லையில் கூலிக்குப் போகிறவள். அவள் வீட்டிலும் சுபாஷ் கொடுத்த நெட்தான், டி.வி.க்காக.

"யக்கா, மதியத்துல ஒங்க வூட்ல டி.வி. ஓடுதா?"

"எங்க ஓடுது? அவுரு படம் போட்டுக்கினு உக்காருவாரு, சுத்திக்கினே இருக்கும். நான் டி.வி. பூட்ச்சின்னு நெனச்சிக்கினு இருக்கேன்."

காலனியில் நெட் வைத்திருந்த மற்ற வீடுகளிலும் கேட்டாள். எல்லா வீட்டிலும் அதே கதை. எல்லோரும் அவரவர் வீட்டில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

அந்த வாரம் பழனி வீட்டில் எல்லோரும் திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். அன்று மதியம் நெட் நிற்கவே இல்லை. மறுநாள் அவர்கள் திரும்பி வந்தார்கள், நெட் நின்றது. கோளாறு பழனி வீட்டு மாடியில்தான் என்று மணிமொழிக்குப் புரிந்தது. பிறகு ஜெயசுதாவுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு எங்க வேல ஒனக்கு?"

"அவங்க மாடியிலதான், மக்காச்சோளம் காயவெச்சிக் கெளர்றது."

"சாப்பாட்டு நேரத்துக்கு அப்பறம் அந்தத் தட்டு இருக்கற எடத்தப் பாத்துக்கினே இரு. யாரு வராங்க, இன்னா பண்றாங்கன்னு மட்டும் சொல்லு."

மறுநாள் பொழுது சாயும்போது ஜெயசுதா கொல்லையிலிருந்து நேரே மணிமொழி வீட்டுக்குத்தான் வந்தாள். முகமெல்லாம் சோளத் தூசி.

"அவுருதான்டி! சாப்ட்டு முடிச்சி மேல வந்தாரு. படிக்கட்டு ரூம்ல இருக்கற சுச்ச டக்குனு அணைச்சாரு. இன்னாங்க மொதலாளின்னு கேட்டேன். இந்தச் சனியன் தலைக்கு மேல ஓடிக்கினு இருந்தா கதிர் வந்து மண்ட வலிக்குது, தூக்கம் வர்லன்னாரு. எழுந்து டீ குடிச்சப்பறந்தான் போடுவாராம்."

மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. ஒரு மனுஷனின் மதியத் தூக்கத்துக்காகத்தான் இத்தனை நாளும் அவள் ஒயரை மாற்றி, ஆணி அடித்து, கம்பெனியில் தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கியிருக்கிறாள். சுபாஷுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை.

"அண்ணா, ஒங்களுக்கு இது முன்னாலயே தெரியுமா?"

"…தெரியும்மா."

"தெரிஞ்சிக்கினேதான் என்ன ஆஃப் பண்ணு ஆன் பண்ணுன்னீங்களா?"

"இன்னாம்மா பண்ணச் சொல்ற? அவுரு எடம் குடுத்துருக்காரு. அவுரு கைல சொன்னா கழட்டிக்கினு போடான்னுடுவாரு. கொஞ்சம் அனுசரிச்சிக்கினு போம்மா."

"எலி ஒயரக் கடிச்சிதுன்னு சொன்னீங்களே!"

"அது நெசமாவே கடிச்சிருந்துதும்மா" என்றார் சுபாஷ், பாவமாக.

மறுநாள் அவள் கம்பெனியில் அரை நாள் லீவு சொன்னாள். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடைப் பாலத்தைத் தாண்டி ஊர்த்தெருவுக்குள் போனாள். சின்னப்பொண்ணு, "வேணான்டி, நான் போயி நைசாக் கேக்கறேன்" என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். ஊர்த்தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அந்த வண்டி அந்தத் தெருவுக்குள் அதுவரை வந்ததே இல்லை.

பழனி அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். உடம்பு உழைத்த உடம்பு. அவர் மனைவி அமிர்தம் சொம்பை வாங்கிக்கொண்டு நின்றாள்.

"யாரு, சின்னப்பொண்ணு மவளா? இன்னாம்மா இந்த வெயில்ல?"

"ஐயா, மேல இருக்கற நெட்டு சுச்ச மதியத்துல அணைக்கிறீங்களாமே. அத அணைக்காதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

வேறு யாராவது என்றால் "தயவு பண்ணி" என்று ஆரம்பித்திருப்பார்கள். அவள் அப்படி ஆரம்பிக்கவில்லை என்பதை அங்கே நின்ற எல்லோருமே கவனித்தார்கள்.

"எம் மாடி. எங் கரண்ட்டு. எனக்குத் தல வலிக்குது, அணைக்கறேன். நீ சொல்லி நான் கேக்கணுமா?"

"கதிரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒங்க சட்டப் பையில இருக்கற செல்போன் அதவிடக் கிட்டக்க இருக்குது. அத உடுங்க. அணைச்சா எனக்கு வேல போவும்."

பழனி அவளை மேலும் கீழும் பார்த்தார். "உக்காந்த எடத்துல ஒனக்கு இன்னாம்மா அப்பிடி வேல? கவுருமெண்டு உதவித்தொக தருதில்ல? வூட்ல பத்தரமா இருந்துட்டுப் போவியா!"

சின்னப்பொண்ணு மகளின் தோளைப் பிடித்தாள். மணிமொழி அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"நான் ஒங்க கொல்லைக் கரும்பு ஏத்தப் போயிதான் இப்பிடி உக்காந்தேன். எழுந்து நிக்க முடியாது. ஆனா எங் கஞ்சிய நான் சம்பாரிச்சித்தான் குடிக்கிறேன். நானும் மாசாமாசம் கட்டித்தான் நெட்டு வாங்கறேன். ஒங்களுக்குத்தான் அது சும்மா வருது."

கடைசி வார்த்தை தேவையில்லாதது என்று அம்மா பிற்பாடு சொன்னாள். மணிமொழி அதை ஒத்துக்கொள்ளவில்லை.

பழனியின் முகம் கறுத்தது. "இந்தச் சனியனே வேணாம்" என்றார். "டேய் சுபாஷுக்குப் போன் போடுங்கடா. இன்னிக்கே எல்லாத்தையும் கழட்டிக்கினு போவச் சொல்லு." அமிர்தம், "இன்னாங்க, நம்ம பேத்தி பாப்பா மெட்ராசுலேருந்து வீடியோல பேசுமே" என்று இழுத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பொழுது சாய்வதற்குள் தட்டு இறங்கிவிட்டது.

காலனியில் அன்று சாயங்காலம் மணிமொழியிடம் யாரும் நல்ல வார்த்தை பேசவில்லை. மதியத்தில் மட்டும் போன நெட், இப்போது எப்போதும் இல்லை. "நீ ஒருத்தி வாயால அல்லாருக்கும் போச்சி" என்றார் ஒருவர். பழனி கொல்லையில் இனி வேலை கிடைக்குமோ என்ற பயம் வேறு. ஜெயசுதாவின் புருஷனே முணுமுணுத்தான். சின்னப்பொண்ணு சோறு போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மணிமொழி கச்சிராயபாளையம் போனாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஏறுவதற்குப் படிகள் இருந்தன. கடைக்காரரைக் கூப்பிட்டு, வை-ஃபை பாஸ்வேர்டு மட்டும் வாங்கிக்கொண்டு, தெருவிலேயே வண்டியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தாள். பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். திரையில் வெயில் விழுந்து எழுத்தே தெரியவில்லை. சார்ஜ் தீரும் வரை உட்கார்ந்தாள். சில நாள் அப்படி ஓட்டினாள். வார முடிவில் சுபஸ்ரீ கூப்பிட்டு, வருத்தமாகத்தான் சொன்னாள்: அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

"ஒங்க சொந்தக் காரணத்தால விலகிட்டதா ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க மணிமொழி. அதான் வழக்கம்."

"நான் விலகல மேடம். நீங்கதான் என்ன நிறுத்திட்டீங்க. அத நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும் வழியெல்லாம் அழுதாள். பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக சுபாஷுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, தட்ட எங்க காலனியிலயே வெச்சிடுங்க."

"வெளையாடறியா? ஒங்க பக்கம் பள்ளம்மா. நடுவுல தென்ன வரிச. கள்ளக்குறிச்சி தெரியவே தெரியாது. தெரியாம சிக்னல் வராது. அதுவும் இல்லாம ஆறு வூட்ட நம்பி நான் எப்டி முதல் போடறது?"

"வூடு நான் சேத்துத் தரேன். கள்ளக்குறிச்சி தெரியலன்னா வேற எது தெரிஞ்சா போதும்?"

சுபாஷ் சிரித்தார். அவள் போனை வைக்கவில்லை. கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்டாள். மலையடிவாரத்தில் மேட்டில் இருந்த இன்னொரு ஊருக்கும் அவர் நெட் கொடுத்திருந்தார். அங்கே ஒரு தட்டு இருந்தது. கிழக்கே பார்க்காமல் மேற்கே திருப்பினால் அது தெரியலாம், ஆனால் தெரியாமலும் போகலாம் என்று கடைசியில் சொன்னார்.

காலனியில் தளம் போட்ட வீடுகளில் ஜெயசுதாவுடையதுதான் உயரம். "யக்கா, ஒங்க மாடிமேல ஏறி மலைப்பக்கம் வீடியோ எடு" என்றாள் மணிமொழி. ஜெயசுதா மாடிப் படி இல்லாத வீட்டில் ஏணி வைத்து ஏறினாள். வேப்பமரக் கிளைகளுக்கு நடுவே, தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிபோல அந்த ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தட்டு அதன் மேல்தான் இருந்தது. தளத்தில் நின்றால் கிளை பாதி மறைத்தது. போனை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கினால் மறைக்கவில்லை.

தட்டை அந்த உயரத்தில் நிறுத்த இரும்புக் குழாய்க்குத் தெருவே ஏற்பாடு செய்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை. பாதிப் பேர் பழனிக்குப் பயந்து ஒதுங்கிக்கொண்டார்கள். மணிமொழி தன் வண்டியில் வீடு வீடாகப் போனாள். "நெட்டு வாங்காம இருந்தாதான் அவுரு ஒங்களக் கொல்லைக்குக் கூப்புடுவாரா? ஆளு வேணும்னா கூப்புட்டுத்தான் ஆவணும்" என்று வாசலுக்கு வாசல் சண்டை போட்டாள். கரும்பு வெட்டு நடக்கிற காலம். ஆள் கிடைக்காமல் பழனியே தவித்துக்கொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். மெல்ல மெல்ல வீடுகள் சேர்ந்தன. ஜெயசுதாவின் புருஷன் கட்டட வேலைக்காரன். முணுமுணுத்தவனே கடைசியில் பழைய போர்வெல் குழாய் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, மாடி மூலையில் கம்பி வைத்து சிமெண்டு போட்டு நிறுத்தினான்.

தட்டு மாட்டிய நாள் ஞாயிற்றுக்கிழமை. சுபாஷ் குழாயில் ஏறி தட்டைப் பொருத்தினார். ஜெயசுதா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணிமொழி தெருவில், வண்டியில், மடியில் லேப்டாப்போடு. திரையில் ஒரு எண் வரும். சிக்னல் நன்றாக இருக்க இருக்க அந்த எண் குறைய வேண்டும். மேலே இருப்பவருக்கு அது தெரியாது. மணிமொழிதான் சொல்ல வேண்டும்.

"எடது பக்கம்… இன்னும்… ஐயோ ஜாஸ்தியாவுது, திருப்புங்க!"

"எந்தப் பக்கம்மா?"

"மறுபடியும் வலது. மெதுவா. கொஞ்சூண்டு. இன்னும் கொஞ்சூண்டு."

எண் குறைந்தது, ஏறியது, மறுபடியும் குறைந்தது. தட்டு ஒரு விரல் நகர்ந்தால் போதும், எண் தாவியது. ஒரு கட்டத்தில் வேப்பங்கிளை ஒன்று காற்றில் ஆடி குறுக்கே வந்தது. ஜெயசுதாவின் புருஷன் அரிவாளோடு ஏறி அதை வெட்டித் தள்ளினான். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒதுங்கிப்போன வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள்.

"இப்ப?" என்று கத்தினார் சுபாஷ்.

"கம்மியாவுது… கம்மியாவுது… நிறுத்துங்க! அங்கியே நிறுத்துங்க! ஆடாதீங்க!"

சுபாஷ் நட்டை இறுக்கினார். லேப்டாப்பில் பக்கம் திறந்தது. ஜெயசுதா வீட்டுக்குள்ளிருந்து டி.வி. சத்தம் கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள். சின்னப்பொண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகளின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தேய்த்துவிட்டாள்.

சுபாஷ் இறங்கி வந்து வியர்வையைத் துடைத்தபடி, "கரண்ட்டு யாரு வூட்லேருந்து?" என்று கேட்டார்.

"எங்க வூட்லேருந்துதான்" என்றாள் ஜெயசுதா. "எங்க வூட்ல மதியத்துல தூங்க யாருக்கும் நேரமில்ல."

பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மணிமொழி மறுபடியும் விண்ணப்பங்கள் போட்டாள். பல இடங்களில், முன்பு ஏன் விலகினீர்கள் என்று கேட்டார்கள். விலகவில்லை, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், லைன் நின்றதால் நிறுத்தினார்கள், லைனை இப்போது சரிசெய்துவிட்டேன் என்று உள்ளபடியே சொன்னாள். அதனால் சில இடங்கள் கைவிட்டுப் போயின என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரி, நோயாளிகளுக்குப் போனில் நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் வேலைக்கு அவளை எடுத்தது. சம்பளம் பழையதைவிடக் கம்மி. எழுதுவதற்குப் பதில் பேச வேண்டும். நாள் முழுக்க வயதானவர்களின் காதுக்கு ஏற்ற மாதிரி உரக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொள்கிறது. விட்டுவிடு என்று யாராவது சொன்னால் சுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுக்கிறாள்.

பழனி கரும்பு வெட்டுக்கு அதே காலனி ஆட்களைத்தான் கூப்பிட்டார். நெட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அமிர்தம்தான், கொல்லையில் ஜெயசுதாவைத் தனியாகக் கூப்பிட்டு, மெட்ராஸ் பாப்பாவின் முகத்தைப் பார்த்து மாதங்கள் ஆகின்றன, காலனியிலிருந்து தங்கள் வீட்டுக்கு ஒரு லைன் கிடைக்குமா என்று கேட்டாள்.

ஜெயசுதா கொல்லையில் நின்றபடியே போன் போட்டாள். மணிமொழி இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் எடுத்தாள். கேட்டதும் முடியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"குடுக்கலாம்" என்றாள் கடைசியில். "மத்தவங்க கட்டற மாரி கட்டட்டும். சும்மா கெடையாது. பெரியவருக்குத் தல வலிச்சா அவங்க வூட்டு ரூட்டர அவங்க அணைச்சிக்கட்டும். எங்க தட்ட யாரும் தொடக் கூடாது. இதே மாரியே சொல்லு யக்கா, கூட்டிக் கொறச்சிச் சொல்லாத."

ஜெயசுதா ஒரு வார்த்தை குறைக்காமல் அப்படியே சொன்னாள். அமிர்தம் சரி என்று தலையாட்டினாள்.